செத்தவனுக்கு வசனம்

படம் பார்த்த மறுநாள் துணி மடிக்கும் அறையில் யாரும் வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வழக்கம்போல உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து மேசையில் விழுந்தன. பத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஜோடி ஜோடியாக நின்று, ஆளுக்கு ஒரு நுனி பிடித்து, உதறி, மடித்து, பத்துப் பத்தாக அடுக்கினார்கள். ஆனால் உதறிய உதறலைப் பார்த்தால், விரிப்புக்குள் அந்தப் படத்தின் டைரக்டர் சுருண்டு படுத்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

"அநியாயம்! மூணு மணி நேரம் உட்கார வெச்சு, படகுக்காரனைச் சாகடிச்சு அனுப்பிட்டானே பாவி!" என்றாள் ஊசி. கிழிந்த விரிப்புகளுக்கு ஒட்டுத் தையல் போடுகிறவள். பேச்சும் அப்படித்தான், குத்தாமல் வெளியே வராது.

"அதுவும் இடைவேளைக்கு முன்னாடியே" என்றாள் நாத்தனார். "ரெண்டாவது பாதி பூரா அவன் வருவான் வருவான்னு உட்கார்ந்திருந்தேன். ஒண்ணுக்குக்கூட எழுந்து போகல."

"அந்தக் கூலி வசனம் எங்க போச்சு? மகாராணி பேரம் பேசறப்ப, 'பாதிக் கூலின்னா பாதி ஏரியில இறங்கிக்கங்க'ம்பானே?"

"முழங்கால் வலியும் இல்ல."

"எதுவுமே இல்லடீ. ஒரு ஆளு வர்றான், துடுப்புப் போடறான், முழுகறான். அவ்வளவுதான். படம் எடுக்கறவன் புஸ்தகத்தைத் திறந்தாவது பார்த்திருப்பானா?"

மேசையின் கோடியில் நின்ற கதைக்காரி, நோயாளிச் சட்டைகளின் கயிறுகளைச் சிக்கெடுப்பதில் ரொம்பவும் மும்முரமாக இருந்தாள். திறந்து பார்த்திருக்கிறான். பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறான். அதுதான் வினை. படமெடுக்கிறவர்கள் எந்தக் கதையையும் உள்ளபடி எடுக்கமாட்டார்கள், குட்டிச்சுவராக்கிவிடுவார்கள் என்று உலகமே புலம்புகிறதே, அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் இத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கினாள். இந்த ஒருத்தன் மட்டும் எங்கிருந்து வந்து வாய்த்தான்? ஒரு வரி விடாமல் எடுத்துத் தொலைத்திருக்கிறான்.

அந்த அறையின் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். சலவை இயந்திரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இரையுமே தவிர, மடிக்கும் அறை அமைதியானது. கைக்கு வேலை உண்டு, காதுக்குக் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சூட்டில் எல்லாருக்கும் கண் சொருகும். அதனால் ஐந்து வருடம் முன்பு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை ஒருத்தி கதை படிக்க வேண்டும். அவள் பங்குத் துணியை மற்ற ஒன்பது பேரும் பிரித்து மடித்துவிடுவார்கள். நாத்தனார்தான், "என் தம்பி பொண்டாட்டி தடுக்காம படிப்பா" என்று இவளை முன்னே தள்ளினாள். அன்றிலிருந்து இவளுக்குப் பெயர் கதைக்காரி.

முதலில் எடுத்த புத்தகமே இதுதான். ஐந்து பாகம், ஒவ்வொன்றும் தலையணை கனம். அட்டையில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அறையில் அது 'ஏரிக்கதை'. குடிமக்களின் நிழலை வரியாகப் பிடுங்கும் ஒரு மகாராணி, நிழல்களை அடைத்துவைத்த தீவு, நடுவே மூடுபனி இறங்கிய ஏரி, அதில் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுக்காரன். மூன்று வருடம் படித்தார்கள். கதைக்காரிக்குத் தொண்டை கட்டினால் ஒன்பது பேரும் வெந்நீரும் தேனுமாக ஓடினார்கள். மற்ற யாருமே அந்தப் புத்தகத்தைப் பிரித்ததில்லை. பிரிக்கத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்க்கவே நேரம் போதாது. அதோடு, காதுக்கு ருசி கண்டுவிட்டால் கண் சோம்பேறியாகிவிடும்.

"நீங்க எல்லாரும் எந்தப் புஸ்தகத்தைச் சொல்றீங்க?"

கேட்டவள் இஸ்திரிக்காரி. வேலையை விட்டுப் போன ஒருத்தியின் இடத்துக்குத் தேய்க்கும் பிரிவிலிருந்து மாற்றலாகி இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. நாற்பது வயது, ஒல்லி, அதிகம் பேசமாட்டாள். ஏரிக்கதையை இவர்கள் படித்து முடித்து இரண்டு வருடம் கழித்து வந்தவள்.

"ஏரிக்கதைதான். வேற எது?"

"அதுல அவன் சாகத்தானே செய்றான்? மூணாம் பாகத்துல. நான் நாலு தடவை படிச்சிருக்கேன். படத்துல அப்படியே எடுத்திருக்காங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு ஒழுங்கா எடுத்திருக்காங்க."

ஊசி கையிலிருந்த விரிப்பை மேசையில் போட்டாள்.

"நாங்க காது குளிரக் கேட்டிருக்கோம்" என்றாள் ஊசி.

"நான் கண்ணால படிச்சிருக்கேன்."

"அப்ப அந்தக் கண்ணை டாக்டர்கிட்ட காட்டு."

நாத்தனார் விரிப்பின் நுனியைக் கையிலிருந்து விடாமலே திரும்பினாள். "எதுக்கு வீண் பேச்சு? படிச்சவ இங்கதானே நிக்கறா. நீ சொல்லு. படகுக்காரன் திரும்பி வந்தானா, இல்லையா?"

பத்தொன்பது கயிறுகளைச் சிக்கெடுத்துவிட்டாள். இருபதாவது கையில் இருந்தது. "நான் படிச்சதுல வந்தான்" என்றாள் கதைக்காரி.

பொய் இல்லை. ஆனால் இஸ்திரிக்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நடந்தது இதுதான். மூன்றாம் பாகம் படித்துக்கொண்டிருந்த சமயம், நாத்தனாரின் புருஷனுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவர்கள் துணி மடிக்கும் அதே ஆஸ்பத்திரி. நாத்தனார் காலையும் மாலையும் அங்கே, நடுவில் இங்கே. குவியலில் அவர் வார்டின் முத்திரை குத்திய விரிப்புகளைத் தேடி எடுத்துத் தானே மடிப்பாள். படகுக்காரன் மூடுபனிக்குள் போன அத்தியாயம் ஒரு புதன்கிழமை முடிந்தது. வியாழக்கிழமை மதியம், கதைக்காரி புத்தகத்தைப் பிரிக்கும்போது நாத்தனார் சொன்னாள்: "அவன் பனியிலேருந்து வெளிய வந்துட்டான்னா இவரும் வந்துடுவாரு. நான் மனசுல நினைச்சுட்டேன். படி."

கதைக்காரி படிக்கத் தொடங்கினாள். பக்கத்தைத் திருப்பியதும் கண்ணில் பட்டது, 'துடுப்பு மட்டும் கரை ஒதுங்கியது' என்ற வரி. கண் அதைப் பார்த்தது. வாய், "படகு கரை ஒதுங்கியது. உள்ளே படகுக்காரன் இருமிக்கொண்டிருந்தான்" என்றது. ஒன்பது பேரும் கைதட்டினார்கள். நாத்தனார் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மூன்று வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து நாத்தனார் வேலைக்குத் திரும்பிய முதல் மதியம், எல்லாரும் சும்மா இருக்க, அவள்தான் சொன்னாள். "படி. அவனாவது வந்தானே."

அதற்கப்புறம் அவனை எப்படிச் சாகடிப்பது? இன்னும் இரண்டு பாகம் பாக்கி. அதில் அவன் பெயரே வராது. இவளோ அவனை உயிரோடு கரையேற்றிவிட்டாள். இனி அவன் எழுந்திருக்க வேண்டும், சாப்பிட வேண்டும், துடுப்புப் போட வேண்டும், நாலு வார்த்தை பேச வேண்டும். காலையில் எல்லாரும் எழுந்திருப்பதற்கு முன் அடுப்படியில் உட்கார்ந்து, சலவைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பென்சிலால் அவனுக்கு வசனம் எழுதினாள். ஒன்றரை வருடம். சலவைத் துணி வேன் ஓட்டும் தன் புருஷனின் முழங்கால் வலியை அவனுக்குக் கொடுத்தாள். தன் கோபத்தைக் கொடுத்தாள். கதை முடிந்தபோது அந்த அறைக்கு மகாராணியும் வேண்டாம், இளவரசனும் வேண்டாம், படகுக்காரன் ஒருத்தன் போதும் என்றாகிவிட்டது.

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதையும் மறைப்பதற்கில்லை.

புருஷன் போனதிலிருந்து நாத்தனாரும் இவர்கள் வீட்டில்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்ததுமே பிடித்துக்கொண்டாள். "மூணாம் பாகத்தை எடு. அந்தப் படக் கம்பெனிக்கு ஒரு மனு எழுதப்போறேன். பக்க எண்ணோட எழுதணும். எல்லாரும் கையெழுத்துப் போடறாங்க."

"எதுக்கு அண்ணி? படம்தானே. விட்டுத் தள்ளுங்க."

"எப்படி விடறது? ஊர்ல நாளைக்கு எல்லாரும் படத்தைப் பார்த்துட்டு அவன் செத்துட்டான்னுதானே நினைப்பாங்க? புஸ்தகம் எங்க?"

"கரையான் அரிச்சுடுச்சு."

"அஞ்சு பாகத்துல மூணாவதை மட்டுமா? கரையானுக்கு எண்ணத் தெரியுமா?"

"இல்ல, யாருக்கோ கொடுத்தேன். தேடிப் பார்க்கிறேன்."

நாத்தனார் நம்பியும் நம்பாமலும் பின்னறைக்குப் போனாள். வேன்காரர் ரொட்டியை டீயில் நனைத்தபடி பெண்டாட்டியைப் பார்த்தார். இந்தக் கூத்து தெரிந்த ஒரே ஆள்.

"சொல்லித் தொலையேன்."

"என்னன்னு சொல்றது? உங்க அக்கா மூணு வருஷமா அந்தப் படகுக்காரனை வெச்சுத்தான் நிமிர்ந்து நடக்கறாங்க. அவன் பொய்னு சொன்னா என் முகத்துல முழிப்பாங்களா?"

"என்னை எதுக்கு மொறைக்கறே? நானா அவனைப் பொழைக்க வைக்கச் சொன்னேன்? என் முழங்காலை வேற எடுத்துக் கொடுத்துட்டே. வண்டியில ஏறி இறங்கறப்ப உன் அறைப் பொம்பளைங்க 'படகுக்காரன் மாதிரியே நொண்டறீங்க'ன்னு சிரிக்கறாங்க."

"ரொட்டியைத் தின்னுட்டுப் போய்ப் படுங்க."

செவ்வாய்க்கிழமை மனு தயாராகிவிட்டது. பக்க எண்ணுக்கு இடம் விட்டு எழுதியிருந்தாள் நாத்தனார். ஒவ்வொருத்தியாகக் கையெழுத்துப் போட்டார்கள். கதைக்காரியும் போட்டாள். போடும்போது தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இஸ்திரிக்காரியிடம் காகிதம் போனபோது அவள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பொய்யில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அப்ப எங்க ஒன்பது பேரையும் பொய்க்காரிங்கறே?"

"உங்களைச் சொல்லல. புஸ்தகத்துல இல்லாததை இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதைச் சொல்றேன்."

அதோடு அவளிடம் பேச்சு நின்றது. பேச்சு நின்றால் பரவாயில்லை, யாரும் செத்துவிடமாட்டார்கள். ஆனால் அந்த அறையில் அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பெரிய விரிப்பை ஒருத்தி மட்டும் மடிக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். இஸ்திரிக்காரி விரிப்பை உதறிவிட்டு நிமிர்ந்தால், எதிர் நுனியைப் பிடிக்க ஆள் இல்லை. அவளோடு நின்றவள் நகர்ந்துபோய் வேறொரு ஜோடியில் மூன்றாவதாக ஒட்டிக்கொண்டாள். இஸ்திரிக்காரி ஒரு முனையைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்து, தரையில் புரளாமல் பாதி பாதியாக மடித்தாள். மற்றவர்கள் இருபது மடிக்கும் நேரத்தில் அவளுக்கு ஏழு ஆயிற்று. வெளியே இரண்டு நாளாக மழை வேறு. உலர்த்தும் இயந்திரம் திணறி, விரிப்புகள் ஈரக் கனத்தோடு வந்தன. அவற்றையெல்லாம் யாரும் சொல்லாமலே அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

கதைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். போய் அந்த நுனியைப் பிடிக்கலாம். பிடித்தால், ஏன் பிடித்தாய் என்ற கேள்வி வரும். புதன்கிழமை முழுக்க அவள் பிடிக்கவில்லை. தன்னைப்போல ஒரு கோழை உண்டா என்று தன்னையே கரித்துக்கொட்டிக்கொண்டாள். அது இஸ்திரிக்காரிக்கு ஒரு விரிப்பு மடிக்கக்கூட உதவவில்லை.

வியாழக்கிழமை இஸ்திரிக்காரி தலையணை உறை ஒன்றில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் அதை மேசையில் வைத்தாள். கனத்தைப் பார்த்ததுமே கதைக்காரிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"என் புஸ்தகம். மூணாம் பாகம். யாராவது ஒருத்தர் படிச்சுப் பாருங்க, போதும்" என்றாள் இஸ்திரிக்காரி. தாடையின் கீழ் ஈரத்துணி உரசி உரசிச் சிவந்திருந்தது. "நான் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

நாத்தனார் கையை நீட்டினாள். அந்தக் கை உறையைத் தொடுவதற்குள் கதைக்காரி பேசிவிட்டாள்.

"அண்ணி, பிரிக்காதீங்க. அவங்க சொல்றது நிஜம். படகுக்காரன் செத்துட்டான். நான்தான் மாத்திப் படிச்சேன்."

முதலில் வாய் திறந்தவள் ஊசி.

"மாத்திப் படிச்சேன்னா?"

"கரையேறினது, இருமினது, அதுக்கு அப்புறம் அவன் வந்த இடம் எல்லாம் நான் எழுதினது."

"கூலி வசனம்?"

"நான்தான்."

"முழங்கால் வலி?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"அடிப்பாவி!" ஊசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "உன் பங்குத் துணியை நாங்க மடிச்சோமேடீ! புஸ்தகம் படிக்கறேன்னுதானே மடிச்சோம்! மகாராணி கடைசியில நிழலையெல்லாம் திருப்பிக் கொடுத்தாளே, அதாவது இருக்கா?"

"அது இருக்கு."

"நிஜமா?"

"நிஜமா."

"இனிமே நீ இன்னிக்கு வியாழக்கிழமைன்னு சொன்னாலே நான் காலண்டரைப் பார்த்துட்டுத்தான் நம்புவேன்."

இஸ்திரிக்காரி தன் பக்கம் நியாயம் வந்துவிட்டதே என்று மகிழ்வாள் என்று கதைக்காரி நினைத்தாள். மகிழவில்லை. அவள்தான் எல்லாரையும்விடக் கொதித்துப்போயிருந்தாள்.

"என்னை ஒத்தையா மடிக்க விட்டீங்களே, அதைக்கூட மறந்துடுவேன்" என்றாள். "புஸ்தகம் எழுதினவரு எவ்வளவு யோசிச்சு அந்தச் சாவை எழுதியிருக்காரு! அதுல கை வைக்க நீ யாரு? அவன் செத்ததாலதானே இளவரசன் தானே துடுப்பெடுக்கறான்? அவன் உயிரோட இருந்தா அந்த நாலாம் பாகத்துக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேருமா துடுப்புப் போட்டாங்க" என்றாள் கதைக்காரி மெல்ல.

"ஐயோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் இஸ்திரிக்காரி.

நாத்தனார் புத்தகத்தை உறையோடு எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். சாப்பாட்டு நேரம் முடியும்வரை அங்கேயே நின்றிருந்தாள். மதியம் கதை படிக்க யாரும் சொல்லவில்லை, கதைக்காரியும் எடுக்கவில்லை. தன் பங்கு முழுவதையும் தானே மடித்தாள். மாலையில் மனு மேசையடியில் கிடந்தது. அதை யாரும் கிழிக்கவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. நாத்தனார் குடையை விரித்துக்கொண்டு இவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். மூன்று வருடத்தில் அவர்கள் தனித்தனியாக வீடு திரும்பியது அன்றுதான்.

கதைக்காரி வீட்டுக்குள் நுழையும்போது நாத்தனார் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்தப் புத்தகம். இஸ்திரிக்காரியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். கதைக்காரி ஈரப் புடவையை மாற்றாமலே உருளைக்கிழங்குக் கூடையை எடுத்துவைத்துத் தோல் சீவத் தொடங்கினாள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

"ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள் நாத்தனார்.

"அண்ணி, உங்களுக்காகத்தான்..."

"எனக்காகன்னு சொல்லாதே."

"அன்னிக்கு நீங்க நின்ன கோலத்தைப் பார்த்து எனக்கு வேற வழி தெரியல. துடுப்பு மட்டும் வந்துச்சுன்னு எப்படிப் படிப்பேன்? அண்ணன் ஆஸ்பத்திரியில அப்படிக் கிடக்கறப்ப?"

"உன்னைத் திட்டறதுக்குக் கூப்பிடல. நான் சொல்றதைக் கேளு." நாத்தனார் புத்தகத்தை மூடினாள். "அன்னிக்குச் சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகல, ஓடினேன். படகுக்காரன் வந்துட்டான், நீங்களும் வந்துடுவீங்கன்னு அவருகிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. என் கையைப் பிடிச்சு, 'இப்படி உட்காரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்'னாரு. குரலைப் பார்த்தாலே தெரிஞ்சுது, போறவங்க பேசற மாதிரி. நான் என்ன பண்ணேன் தெரியுமா? 'எதுவா இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லுங்க'ன்னேன்."

கதைக்காரியின் கத்தி நின்றது.

"மறுநாளும் ஆரம்பிச்சாரு. அதுக்கு மறுநாளும். நல்லா ஆகப்போற மனுஷனுக்கு இது என்ன பேச்சுன்னு நான் வாயைப் பொத்தினேன். நிஜமாவே கையால பொத்தினேன். எனக்குத்தான் நிச்சயமாத் தெரியுமே, அவன் கரையேறிட்டானே! அஞ்சாவது நாள் தொண்டையில குழாய் போட்டுட்டாங்க. அப்புறம் அவரு பேசவே இல்ல."

வெளியே மழை விட்டிருந்தது. கதைக்காரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"மன்னிச்சுடுங்க அண்ணி." அதைவிடச் சின்னதாக ஒரு வார்த்தையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. சொன்னதற்கே வெட்கமாக இருந்தது. நல்லது செய்துவிட்டோம் என்று மூன்று வருடம் உள்ளுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தோமே என்று நெஞ்சு எரிந்தது.

நாத்தனார் அலமாரியிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை எடுத்தாள். பின்பக்கம் காலியான சலவைச் சீட்டுகள். பென்சிலையும் எடுத்து, இரண்டையும் கிழங்குத் தோல்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒன்றரை வருஷம் அந்தச் செத்தவனுக்கு வசனம் எழுதினியே. ஒண்ணுகூடச் சோடை போகல. அவனே பேசற மாதிரி இருந்துச்சு." அவள் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உங்க அண்ணன் என்ன சொல்ல வந்தாருன்னு எழுது. எழுதிப் படி. நான் கேட்கிறேன்."

கோபத்தில் குத்திக் காட்டுகிறாள் என்றுதான் கதைக்காரி நினைத்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. நாத்தனார் காத்துக்கொண்டிருந்தாள்.